உள்ளான் வேட்டையும் ஒரு பேணி வெடியோசையும்

இல்லாத பொருளுக்கு உதாரணம் காட்ட வேண்டி வந்தபோது நம்முடைய தருக்க நூலார் முயற்கொம்பு என்றார்கள்; ஆகாயத் தாமரை என்றார்கள்; மலடி மகன் என்றார்கள். அணியிலக்கணம் வகுத்தவர்களோ இல்பொருள் உவமை என்று அதற்கெனத் தனியாக ஓர் இடமே ஒதுக்கிவைத்தார்கள். ஆனால் அந்த முயற்கொம்பை வாங்கி வருமாறு ஒருவனிடம் காசும் பையும் கொடுத்துக் கடைக்கு அனுப்புகின்ற கலையை வளர்த்தவர்கள் புலவர்கள் அல்லர். பட்டறைகளிலும் கப்பல்களிலும் அச்சுக்கூடங்களிலும் படைமுகாம்களிலும் உழைத்த மனிதர்களே அதனை வளர்த்தார்கள்.

பிரித்தானியப் பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்த பையனை இடக்கைத் திருப்புளி வாங்கிவர அனுப்புவார்கள். ஸ்கொத்லாந்தின் கட்டம்போட்ட துணிபோலத் தீட்டக்கூடிய வர்ணம் ஒரு ரின் வாங்கிவரச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எடைக்கும் காத்திருத்தலுக்கும் உரிய சொற்கள் ஒலியில் ஒன்றானவை. எனவே 'நீண்ட எடை ஒன்று தாருங்கள்' என்று களஞ்சியக்காரரிடம் கேட்கும் பையன், அவர் 'சரி, நில்' என்று சொல்லிவிட்டு உள்ளே போன பிறகு அரை மணி நேரம் நின்றுகொண்டிருப்பான். கேட்டது கிடைத்துவிட்டது என்பது அவனுக்குத்தான் கடைசியாக விளங்கும்.

இந்தக் கேலிக் கலையில் துவக்குச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட வட அமெரிக்கர்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அவர்களிற் பலர் முன்னாள் படையினர். ஆதலால் முகாமின் இல்பொருட்கள் யாவும் அவர்களுடன் சேர்ந்து சுடுதளத்துக்கும் வந்துவிட்டன. தேசப்படத்தில் இருக்கும் கட்டங்களை ஒரு பெட்டி நிறைய எடுத்துவரச் சொல்வது அவற்றுள் ஒன்று. முறித்தால் இரசாயனச் சேர்க்கையால் ஒளிரும் குச்சிக்குப் பற்றரி கேட்பது இன்னொன்று. அமெரிக்க இராணுவத்தின் ஹம்வீ வாகனத்துக்குச் சாவி தேடி அனுப்புவதும் உண்டு. அந்த வாகனம் சாவியின்றி, ஓர் ஆளியைத் திருப்பிக் கிளப்பப்படுவது. இவற்றுக்கெல்லாம் மேலே துவக்குக்காரருக்கே உரியது வெடியோசை. சுடும்போது குழலின் வாயிலிருந்து பீறிடும் காற்றும் ஓசையும் ஆகிய அதிர்வை ஒரு பேணியில் வாங்கிவா என்பார்கள். ஒரு பேணி வெடியோசை! கவிஞர் எவருக்கும் தோன்றாத கற்பனை என்றே இதனைச் சொல்வேன்.

அவர்களுடைய அளவைமொழியிலும் இந்தக் குறும்பு கலந்திருக்கிறது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணக் கலை. 100 யார் தூரத்தில் அது ஏறக்குறைய ஓர் அங்குல அகலம். நல்ல துவக்கு ஒரு கலைக்குள் சுடும் என்று பெருமை பேசுவார்கள். குறி தவறுகிறவன் தன்னைத் தானே நையாண்டி செய்துகொள்ளும்போது, 'என்னுடையது களஞ்சியக் கலை' என்பான். அதாவது, வைக்கோல் அடைக்கும் பெரிய களஞ்சியம் ஒன்றை முன்னால் நிறுத்தினால் அதன்மீது பட்டுவிடும்.

ஆனால் புதிதாக வருகிறவனின் சங்கடம் எங்கே இருக்கிறது என்றால், இந்தத் துறையில் மெய்யான பொருட்களின் பெயர்கள் பொய்யான பொருட்களின் பெயர்களைவிட நம்பமுடியாதவையாக இருக்கின்றன. இடக்கைத் திருப்புளி பொய். இடக்கைத் துவக்கு மெய். இடது கைப் பழக்கமுள்ளவர்களுக்காகப் போல்டின் கைப்பிடியை மறுபக்கம் வைத்துச் செய்த துவக்குகள் கடையில் கிடைக்கும். மருந்து இடித்துச் சுடும் பழைய வகைத் துவக்கை (நம்மூர் வழக்கில் இடியன்) வைத்திருப்பவர்கள் 'மூஸ் பால்' என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மூஸ் என்பது வட அமெரிக்காவின் மிகப் பெரிய மான் இனம். அதற்கும் இந்தப் பாலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீரில் கரையும் எண்ணெயைத் தண்ணீரில் கலக்கும்போது வெள்ளையாகத் திரள்வதால் வந்த பெயர் அது. வெற்று ரவைக் கோதுகளைப் பளபளப்பாக்க அரைத்த வால்நட் ஓட்டுக்குள்ளும் உலர்ந்த சோளத் தண்டின் தூளுக்குள்ளும் போட்டு மணிக்கணக்கில் உருட்டுகிறார்கள். ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெய்தான் துவக்குக்கு நல்ல மசகு என்று கருதப்பட்டது. பாலும் ஓடும் திமிங்கிலமும் உண்மையென்றால் ஒரு பேணி வெடியோசை மட்டும் எப்படிப் பொய்யாகும் என்று ஒரு புதியவன் நினைத்தால் அவனைக் குறைசொல்ல முடியாது.

(கொழுப்பு என்றதும் நினைவு வருகிறது. துவக்கு மசகு பற்றிய பேச்சு எல்லாக் காலத்திலும் சிரிப்புக்கு உரியதாக இருந்ததில்லை. 1857 இல் வட இந்தியாவில் சிப்பாய்களிடையே பரவியது, என்ஃபீல்ட் தோட்டாவின் உறையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறார்கள் என்ற பேச்சு. அதன் விளைவை வரலாறு அறியும்.)

இவற்றையெல்லாம் நான் அறிந்துகொண்டது புத்தகத்தில் மட்டுமன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் என் நண்பரின் மகன், அங்குள்ள சட்டப்படி பாதுகாப்புப் பயிற்சி முடித்து உரிமம் பெற்று, சுடுதளம் ஒன்றில் உறுப்பினனாகச் சேர்ந்திருந்தான். தந்தைக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. 'துவக்கு வேண்டாம் என்றுதானே இந்த நாட்டுக்கு ஓடிவந்தோம்' என்பது அவருடைய வாதம். 2018 கோடையில் நான் அங்கு தங்கியிருந்தபோது, இருவருக்கும் நடுவே என்னை நியாயத்துக்கு இழுத்தார்கள். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். அப்படித்தான் காதுக்கவசம் அணிந்து, சுடுகோட்டுக்குப் பின்னாலிருந்த வாங்கில் ஒரு சனிக்கிழமை முழுவதும் இருக்க நேர்ந்தது.

பையனைச் சேர்த்துக்கொண்ட முதல் வாரத்திலேயே மூத்த உறுப்பினர்கள் அவனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெடியோசை வாங்கத்தான். கடைக்காரரும் அந்த நாடகத்தில் பங்காளி. 'பேணியில் இல்லை, போத்தலில்தான் இருக்கிறது, எத்தனை கலிபருக்கு?' என்று கேட்டாராம். திரும்பி வந்தபோது எல்லோரும் வரிசையாக நின்று கைதட்டினார்களாம்.

'மாமா, சிரிச்சுப்போட்டு கோப்பி வாங்கித் தந்தினம். ஆனா அதுக்குப் பிறகு ஆரும் என்ன கொண்டுவரச் சொன்னாலும் நான் அசையிறேல்லை' என்றான்.

அந்த 'அசையிறேல்லை' தான் என்னைச் சிந்திக்கவைத்தது. ஏனென்றால் இரண்டு மாதங்கள் கழித்து நடந்ததையும் அவனே சொன்னான். சுடுதளத்தின் பழைய உறுப்பினர் ஒருவரிடம் லீ என்ஃபீல்ட் நான்காம் இலக்கத் துவக்கு ஒன்று இருக்கிறது. இலங்கையில் என் வயதுக்காரர்களுக்கு அந்த இனத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பொலிஸ்காரரின் தோளில் நாம் பார்த்து வளர்ந்த 'த்ரீ நொட் த்ரீ' குடும்பத்தைச் சேர்ந்தது. அவர் அதனைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, 'அந்த மேசையிலிருந்து நோ-கோ கேஜை எடுத்துவா' என்று பையனிடம் சொல்லியிருக்கிறார். போகாதே அளவி! இதைவிட அப்பட்டமான கேலி இருக்க முடியுமா? பையன் சிரித்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டான். கிழவர் மறுபடி கேட்டார். அவன் மறுபடி சிரித்தான்.

அவர் துவக்கைக் கீழே வைத்துவிட்டுத் தாமே எழுந்து சென்று எடுத்து வந்தாராம். சின்னஞ்சிறிய உருக்குத் துண்டு. அதனை அவன் உள்ளங்கையில் வைத்து அவர் விளக்கியதை, நான் போன அன்று எனக்கும் ஒருமுறை விளக்கினார். ரவை போய் அமரும் அறைக்கும் அதனைப் பின்னாலிருந்து தாங்கும் போல்டின் முகத்துக்கும் இடையே ஓர் அளவு உண்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 'கோ' என்ற அளவியை உள்ளே வைத்தால் போல்ட் பூட்டிக்கொள்ள வேண்டும். 'நோ-கோ' அளவியை வைத்தால் பூட்டக்கூடாது. பூட்டினால் அந்த இடைவெளி அளவு கடந்துவிட்டது என்று பொருள். அத்தகைய துவக்கில் சுடும்போது பித்தளைக் கோது பின்னோக்கி இழுபட்டுப் பிளக்கக்கூடும். பிளந்தால் உள்ளிருக்கும் கொதிவாயு சுடுபவனின் முகத்தை நோக்கி வரும். நான்காம் இலக்க லீ என்ஃபீல்டில் இந்த இடைவெளியைச் சரிசெய்யவென்றே 0 முதல் 3 வரை எண் பொறித்த போல்ட் தலைகளைச் செய்து வைத்திருந்தார்கள். ஜோன் பிறவுணிங் வடிவமைத்த .50 கலிபர் இயந்திரத் துவக்கிலோ குழலை மாற்றும்போதெல்லாம் படைவீரனே அளவி வைத்து இதனைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பிந்திய எம்2ஏ1 வடிவத்தில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

வேடிக்கை என்னவென்றால், இதே இடைவெளியும் அவர்களுடைய கேலிப் பட்டியலில் இருக்கிறது. 'ஒரு வாளி இடைவெளி கொண்டுவா' என்று புதியவனை அனுப்புவார்கள். ஒரே சொல் காலையில் பகிடி, மாலையில் முகத்தைக் காப்பாற்றும் அளவு. காலையில் ஏமாந்தவன் மாலையில் எப்படி நம்புவான்? அந்தக் கிழவர் அன்றுமுதல் தம்முடைய மேசையில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார். துவக்குத் திறந்து கிடக்கும்போது யாரும் யாரையும் எதற்கும் அனுப்பிக் கேலி செய்யக்கூடாது; மூடிப் பெட்டியில் வைத்த பிறகு எத்தனை பேணி வெடியோசையும் வாங்கலாம். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. கேலியைத் தடைசெய்யாமல் அதற்கொரு வேலி போட்டிருந்தார்.

நமது தொழிலிலும் இது இருந்தது. ஆங்கில அச்சுக்கூடங்களில் 'எழுத்துப் பேன்' பிரசித்தம். ஈய எழுத்துகளுக்கிடையே பேன் ஊர்கிறது, குனிந்து பார் என்று புதிய பையனிடம் சொல்வார்கள். அவன் முகத்தை அருகே கொண்டுபோனதும், முன்பே தண்ணீர் ஊற்றி வைத்த எழுத்து வரிசைகளைச் சட்டென்று நெருக்குவார்கள். அழுக்குத் தண்ணீர் முகத்தில் பீச்சியடிக்கும். காகிதம் போதவில்லை, காகிதத்தை இழுத்து நீட்டும் கருவியைக் கொண்டுவா என்று அனுப்புவதும் அங்கே வழக்கம். இலண்டனின் கார்டியன் பத்திரிகை 1977 ஏப்ரல் 1 ஆம் திகதி, இந்து சமுத்திரத்தில் சான் செரிஃப் என்றொரு தீவு நாடு இருப்பதாக ஏழு பக்கச் சிறப்பிதழே போட்டது. தலைநகர் பொடோனி, ஆட்சித் தலைவர் ஜெனரல் பைக்கா. எல்லாம் அச்செழுத்துத் தொழிலின் சொற்கள். அச்சுக்கோப்பாளர் ஒருவர் அன்று காலை தேநீர்க் கோப்பையை நழுவவிட்டுச் சிரித்திருப்பார். மற்றவர்களில் பலர் பயணச் சீட்டு விலை விசாரித்திருப்பார்கள்.

கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில் தமிழுக்கே உரிய ஓர் இல்பொருள் இருந்தது. 'மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளி முடிந்துவிட்டது. களஞ்சியத்தில் ஒரு சிமிழ் புள்ளி வாங்கிவா' என்று புதிதாகச் சேர்ந்த பையன்களை அனுப்புவார்கள். (ஈய எழுத்தில் புள்ளி தனியாக வராது, எழுத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும்.) களஞ்சியக்காரர் மூக்குப்பொடிச் சிமிழைத் திறந்து நீட்டுவார். எல்லோரும் சிரிப்போம். அப்படிப் போய்த் தும்மிக்கொண்டு திரும்பிய ஒரு பையன், சில வாரங்களின் பின் மரண அறிவித்தல் ஒன்றைக் கோக்கும்போது கையெழுத்து விளங்காமல், கேட்டால் மறுபடி சிரிப்பார்கள் என்று எண்ணித் தானே ஒரு திகதியை ஊகித்துப் போட்டுவிட்டான். ஒப்புநோக்காளரின் கண்ணுக்கும் தப்பிவிட்டது. தகனம் முடிந்த மறுநாள் மலர்வளையத்துடன் வந்திறங்கிய உறவினர்களின் முகங்களை அந்த வீட்டார் எங்களுக்கு நேரில் வந்து வர்ணித்தார்கள்.

இதற்காக ஏமாற்றுவதெல்லாம் கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். சுடுதளத்தில் நான் கண்ட இன்னொரு ஏமாற்று என் மனதை மிகவும் கவர்ந்தது. புதிதாகச் சுடப் பழகுபவர்கள், வெடியை எதிர்பார்த்து, விசையை இழுக்கும் கணத்தில் தம்மையறியாமல் கையைத் தாழ்த்திவிடுவார்கள். அப்படிச் செய்வதாக எவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆசிரியர், மாணவன் அறியாமல், மெய்யான ரவைகளுக்கு நடுவே மருந்தில்லாத ஒரு போலி ரவையைச் செருகிவிடுவார். விசை 'கிளிக்' என்கிறது; வெடி இல்லை; ஆனால் துவக்கின் வாய் மட்டும் தரையை நோக்கிக் குத்துகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள்; அவனும் பார்க்கிறான். வாய்ச்சொல்லால் ஒரு மாதம் சொல்லி விளங்காததை அந்த இல்லாத ரவை ஒரு கணத்தில் விளக்கிவிடுகிறது.

அமெரிக்கர்களின் அலைக்கழிப்புகளுள் மிகப் பழையதும் பெரியதும் உள்ளான் வேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நடந்து வருகிறது. முகாமுக்குப் புதிதாக வந்த பையனின் கையில் ஒரு சாக்கைக் கொடுத்து, இருட்டில் காட்டுக்குள் நிறுத்தி, சாக்கின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு ஏதேனும் ஒலி எழுப்பச் சொல்வார்கள். நாங்கள் அந்தப் பக்கமிருந்து உள்ளானை விரட்டுகிறோம், அது நேரே சாக்குக்குள் வந்து விழும் என்பார்கள். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். இதனாலேயே உள்ளான் என்ற பறவையே கிடையாது என்று நம்புகின்ற அமெரிக்கர்கள் பலர். நண்பரின் மகனும் அப்படித்தான் எண்ணியிருந்தான்.

நம்முடைய வயற்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஊசிவால் உள்ளான் மாரிகாலத்தில் வடக்கேயிருந்து பறந்து வந்து நம் வயல்களின் சேற்றில் நீண்ட அலகை ஊன்றிப் புழு தேடும் பறவை. சேற்றின் நிறமும் அதன் நிறமும் ஒன்று. காலடியில் இருந்தாலும் தெரியாது. கிளம்பினால் நேராகப் பறக்காமல் இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்து போகும். அதனைச் சுட்டு வீழ்த்துவது அரிய திறமை என்று இலங்கையிலிருந்த வெள்ளைக்காரத் துரைமார் வயல்வெளிகளில் அலைந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் இந்த வேட்டைக்கு வைத்த சொல், பின்னர் மறைந்திருந்து மனிதரைக் குறிபார்த்துச் சுடுபவனின் பெயராயிற்று. உள்ளானின் ஆங்கிலப் பெயர் 'ஸ்னைப்'. அதனைச் சுடுபவன் ஸ்னைப்பர்.

சினைப்பர் என்று நாம் உச்சரித்த அந்தச் சொல்லின் அடியில் ஒரு நீர்ப்பறவை இருக்கிறது என்பதை நான் அறிந்தபோது எனக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. முன்னரங்கு அருகே இருந்த கிராமங்களின் செய்திகளை எழுதிய நாட்களில், 'சினைப்பர் தாக்குதலில் ஒருவர் பலி' என்ற தலைப்பை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கு உள்ளான் இல்லாத பறவை. இன்னொரு நாட்டின் பிள்ளைகளுக்கு அதன் பெயரிலிருந்து பிறந்த சொல் வீட்டு முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் இடையிலான தூரம்.

சுடுதளத்தில் அன்று மதிய உணவின்போது அந்தக் கிழவர், ஒளிக்குச்சிக்குப் பற்றரி கேட்டு அனுப்பிய கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பற்றரி என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது; சொன்னேன். 1990 இல் மீண்டும் போர் தொடங்கிய பின் எங்கள் நாட்டின் வடக்கே பொருட்களைக் கொண்டுபோகத் தடை இருந்தது என்றும், தடைப்பட்டியலில் சீமெந்து, யூரியா, பெற்றோல் ஆகியவற்றோடு பற்றரியும் இருந்தது என்றும் சொன்னேன். கடைக்குப் போய் ஒரு பற்றரி தாருங்கள் என்று கேட்டால் கடைக்காரர் சிரித்த காலம் அது. செய்தி கேட்பதற்காகச் சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, அதன் தைனமோவில் வானொலியை இயக்கினார்கள். மோட்டார்ச் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெயில் எரியும் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். பத்திரிகைத்தாள் வராததால், யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகள் பள்ளிக்கூடக் கொப்பிகளின் கோடிட்ட தாளில் அச்சாகின. காகிதத்தை இழுத்து நீட்டும் கருவி ஒன்று உண்மையிலேயே தேவைப்பட்ட அச்சுக்கூடங்கள் அவை.

கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் சிரிப்பு தயாராக இருந்தது. கதை எந்த இடத்தில் உடையும், தாம் எப்போது கைதட்ட வேண்டும் என்று காத்திருக்கிறார் என்பது விளங்கியது. ஒரு தேர்ந்த ஏமாற்றுக்காரரை இன்னொருவர் மெச்சும் பார்வை.

'மாமா சொல்லுறது உண்மை' என்று பையன் தமிழில் தொடங்கி, பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் தன் தாயார் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்ததைச் சொன்னான்.

கிழவர் கையிலிருந்த பாணை மேசையில் வைத்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், 'என்ன பழம் என்றாய்?' என்று கேட்டார்.